பகிர்வு நரம்பறிவியல் ஆய்வகங்களுக்கான நிதிநல்கை: கருவிக்குப் பணம் வருகிறது, அதை இயக்குபவருக்கு எங்கிருந்து வரும்?

மூளைவரைவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுப் பயன்பாட்டு நரம்பறிவியல் ஆய்வகம் ஒன்றைப் பத்து ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். உயிருள்ள மூளையின் உள்ளே நியூரான்களை லேசர் ஒளியால் படமெடுக்கும் இரண்டு இருஃபோட்டான் நுண்ணோக்கிகள், நியூரான்களின் மின் சைகைகளைப் பதியும் நான்கு மின்பதிவு மேடைகள், மரபணுக்களை நியூரான்களுக்குள் கொண்டுசெல்லும் வைரஸ் கடத்திகளைத் தயாரிக்கும் ஒரு சிறு கூடம், படப் பகுப்பாய்வுக்கான கணினிகள் ஆகியவை எங்களிடம் உள்ளன. பதினேழு ஆய்வுக் குழுக்கள் இவற்றை நம்பி வேலை செய்கின்றன.

நல்கை கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பம் சென்ற மாதம் திரும்பி வந்தது. புதிய நுண்ணோக்கி கேட்ட பகுதியை மதிப்பீட்டாளர்கள் பாராட்டியிருந்தார்கள். அதை இயக்குபவருக்கு ஐந்தாண்டு ஊதியம் கேட்ட பகுதிக்கு மட்டும், ‘இது நிறுவனத்தின் பொறுப்பு’ என்று ஒற்றை வரியில் பதில் எழுதியிருந்தார்கள். அந்த வரியை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போனால், ‘ஊதியத்தை நல்கையில்தான் கேட்க வேண்டும்’ என்கிறார்கள். இரண்டு பக்கமும் தத்தம் விதிப்படி சரியாகவே பேசுகிறார்கள்; நடுவில் இருக்கும் இருக்கைதான் காலியாகக் கிடக்கிறது.

அந்த இருக்கை காலியானால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டறிந்தோம். எங்கள் நுண்ணோக்கி வல்லுநர் நிரந்தர வேலை கிடைத்து வேறிடம் போய்விட்டார். எட்டு மாதங்கள் அவர் இடத்தில் யாருமில்லை. இருஃபோட்டான் நுண்ணோக்கியின் லேசர் ஒளி மிகக் குறுகிய துடிப்புகளாக வருவது. சராசரி ஆற்றல் மாறாமல் துடிப்பின் அகலம் (அது நீடிக்கும் நேரம்) மட்டும் இரட்டிப்பானால், கிடைக்கும் ஒளிர்வு பாதியாகிவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான். துடிப்பை ஒடுக்கி வைக்கும் அமைப்பு மெல்ல நிலை பிறழ்ந்தது. ஆற்றல்மானியோ வழக்கமான எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. படம் மங்கலாகத் தெரிந்ததால் மாணவர்கள் ஆற்றலை ஏற்றினார்கள், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். மூளைத் திசு சூடாகியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தபோது, இரு குழுக்களின் நான்கு மாதத் தரவுகளை ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. எங்கள் வல்லுநர் இருந்தவரை ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அதே ஒளிர்வுச் சில்லை (ஒளிரும் சோதனைத் துண்டு) அதே வில்லைக்குக் கீழே வைத்துப் படமெடுத்து, பிரகாசத்தை ஒரு நோட்டில் எழுதி வைப்பார். பத்து நிமிட வேலைதான். அந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போனதே இத்தனைக்கும் காரணம்.

என் கேள்வி இதுதான். அந்தப் பத்து நிமிடத்தை நல்கை விண்ணப்பத்தில் எப்படி எழுதினால் எடுபடும்? ஊதியத்துக்கு நல்கை பெற்றவர்கள் உங்களில் இருந்தால், என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.

பற்றுவரவு

வணக்கம். நான் ஆய்வு நிதிக் கணக்குப் பிரிவில் இருப்பவள். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனமான என்.ஐ.எச். நல்கைகளோடு பல ஆண்டுகள் பழகியதால், அங்குள்ள விதிகளை வைத்தே சொல்கிறேன். மற்ற நாடுகளில் பெயர்கள் மாறினாலும் சிக்கலின் வடிவம் பெரிதாக மாறுவதில்லை.

எந்தக் கதவைத் தட்டினீர்கள் என்பதை முதலில் பாருங்கள். 1982-இல் தொடங்கிய எஸ்-10 என்ற பகிர்வுக் கருவி நல்கை கருவி வாங்குவதற்கானது, அவ்வளவுதான். இயக்குபவரின் ஊதியம், பராமரிப்பு ஒப்பந்தம், கட்டட மாற்றம் எதுவும் அதில் சேராது. மறைமுகச் செலவும் (கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற நிறுவனப் பொதுச் செலவு) கிடையாது. பராமரிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நிறுவனம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பி-30 எனப்படும் மைய ஆய்வக நல்கை வேறு வகையானது. பல ஆய்வாளர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் வசதியை நடத்துவதற்கென்றே அது தரப்படுவதால், பணியாளர் ஊதியத்துக்கு அதில் இடம் உண்டு. பார்வை ஆய்வுக்கென்று தேசியக் கண் நிறுவனம் நெடுங்காலமாக இந்த வகை நல்கையை வழங்கி வருகிறது. கருவிக்கான கதவைத் தட்டி ஊதியம் கேட்டால், மதிப்பீட்டாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த ஒற்றை வரியைத்தான் எழுத முடியும்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. ‘பயனர் கட்டணத்தில் மிச்சம் பிடித்து அடுத்த கருவியை வாங்கிக்கொள்ளலாமே’ என்று நிர்வாகிகள் சொல்வதுண்டு. அமெரிக்கக் கூட்டரசின் செலவு விதித் தொகுப்பில் 200.468 என்ற பிரிவு இத்தகைய சேவைக் கூடங்களுக்கானது. உண்மையான பயன்பாட்டின்படியே கட்டணம் வாங்க வேண்டும்; கூட்டரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுக்கு ஒரு விலை, பல்கலைக்கழகத்தின் மற்ற வேலைக்கு வேறு விலை என்று பாகுபாடு காட்டக்கூடாது; மொத்தத்தில் செலவு ஈடானால் போதும்; இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது கட்டணத்தைத் திருத்த வேண்டும். இதோடு தேய்மான விதியையும் சேர்த்துப் படியுங்கள். கூட்டரசுப் பணத்தில் வாங்கிய பங்குக்குத் தேய்மானம் கணக்கிட்டு அதைக் கட்டணத்தில் ஏற்ற முடியாது. அரசு ஒரு முறை கொடுத்த பணத்தை, வேறு நல்கைகளின் வழியே அரசிடமே மறுபடி வாங்குவதாகிவிடும் என்பதே காரணம். காரணம் நியாயமானது. ஆனால் நல்கையில் வாங்கிய நுண்ணோக்கி ஓய்வுபெறும் நாளில், அதற்கு மாற்று வாங்க உங்கள் கணக்கில் ஒரு காசும் சேர்ந்திருக்காது. மறுபடி விண்ணப்பம்தான்.

ஆகவே, கட்டணத்தில் எதை ஏற்றலாம் என்றால், ஆளின் ஊதியத்தையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் ஏற்றலாம். ஏற்றினால் மணிக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

மூளைவரைவு

போட்டோம். முழுச் செலவையும் ஏற்றினால் இன்றுள்ள கட்டணம் இரண்டரை மடங்காகும். பெரிய குழுக்கள் கொடுத்துவிடும். அப்போதுதான் சேர்ந்த இளம் ஆய்வாளர்கள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் பயன்பாட்டு மணிகள் குறையும். மணிகள் குறைந்தால் அடுத்த முறை கட்டணத்தை மேலும் ஏற்ற வேண்டிவரும். எந்தக் கதவைத் தட்டினோம் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்வதானால், கருவிக்கான கதவைத்தான்.

அணைக்கட்டு

நான் இத்தகைய விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் சில முறை இருந்திருக்கிறேன். எந்த அமைப்பு, எந்த விண்ணப்பம் என்பதைச் சொல்ல இயலாது. பொதுவாகக் கண்டதைச் சொல்கிறேன்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் கருவியின் விவரக் கையேட்டைப் போல இருக்கும். எத்தனை நானோமீட்டர், எத்தனை சட்டகம், எவ்வளவு ஆழம் என்று பக்கம் பக்கமாக வரும். அவை எனக்கு முன்பே தெரியும். தெரியாவிட்டாலும் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும். நான் தேடுவது பயனர் அட்டவணையை. எஸ்-10 விண்ணப்பத்தில் என்.ஐ.எச். ஆய்வு நல்கை கைவசமுள்ள முதன்மைப் பயனர்கள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்பது விதி. கருவி கிடைக்கும் மொத்த நேரத்தில் யார் எவ்வளவு எடுப்பார்கள் என்பதையும் காட்ட வேண்டும். அந்த அட்டவணையில் எல்லாரும் சமமாகப் பத்து விழுக்காடு என்று எழுதியிருந்தால், அது மேசையில் உட்கார்ந்து நிரப்பியது என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். உண்மையான பயன்பாடு ஒருபோதும் சமமாக இருப்பதில்லை.

உங்கள் பத்து நிமிடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ‘திறன்மிக்க பணியாளர் இன்றியமையாதவர்’ என்று எழுதாதீர்கள். அதை எல்லாரும் எழுதுகிறார்கள். உங்களிடம் நோட்டு இருக்கிறது. வல்லுநர் இருந்த காலத்து வாரவாரி அளவுகளையும், அவர் போன பிறகு வந்த இடைவெளியையும், பழுது தெரிந்து சரிசெய்த பிறகு எடுத்த அளவையும் ஒரே வரைபடமாகப் போடுங்கள். கீழே ஒதுக்கப்பட்ட தரவின் அளவை ஒரு வரியில் எழுதுங்கள். குறையைக் காட்டினால் மதிப்பெண் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். என்ன தவறியது, இனி எப்படிக் கண்டுபிடிப்போம் என்று எழுதிய விண்ணப்பத்தை நான் அதிகம் நம்பியிருக்கிறேன்.

தனிமேடை

மாற்றுக் கருத்து ஒன்றை முன்வைக்க அனுமதியுங்கள். நான் ஆய்வுக் குழு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பகிர்வு ஆய்வகம் என்ற ஏற்பாடே நரம்பறிவியலின் ஒரு பெரும் பகுதிக்குப் பொருந்துவதில்லை என்பது என் அனுபவம்.

நிறமாலைமானியில் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அடுத்தவர் மாதிரி அடுத்த மணியில் வரும். என் வேலை அப்படியல்ல. மண்டையோட்டில் சாளரம் பொருத்திய ஒரு சுண்டெலியை ஆறு வாரம் பயிற்றுவிக்கிறேன். அது அதே மேடையில், அதே வாசனையில், நாளின் அதே நேரத்தில் ஓட வேண்டும். நேற்று வேறொருவர் வந்து மேடையின் உயரத்தை மாற்றிவிட்டுப் போனால், அன்றைக்கு என் எலி ஓடாது. மறுநாள் ஓடினாலும் நேற்றுப் பார்த்த அதே நியூரான்களைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் தேட வேண்டும். முன்பதிவுப் பட்டியலில் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை எனக்கு வேண்டும், ஆறு வாரமும் வேண்டும். அதைக் கேட்டால் ‘ஒருவருக்கே ஒதுக்க முடியாது’ என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பணத்தை என் போன்ற சிறு குழுக்களுக்கே பிரித்துக் கொடுப்பதில் என்ன தவறு? பழைய லேசரும் எளிய நுண்ணோக்கியும் இருந்தால் நானே கட்டிக்கொள்வேன்.

மூளைவரைவு

நீங்கள் சொல்வது நியாயமான குறை. நாங்களும் முதல் மூன்று ஆண்டுகள் எல்லாக் கருவிகளையும் ஒரே முன்பதிவு விதியில் வைத்திருந்தோம்; அது தவறு. இப்போது ஒரு நுண்ணோக்கி தொடர் ஆய்வுக்கு மட்டும். ஆறு வாரமோ எட்டு வாரமோ ஒரு குழு எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் மேடையின் ஒரு திருகைக்கூட வேறு யாரும் தொடக்கூடாது. மற்றொன்று மணிக்கணக்கில். எலியின் தலையைப் பிடிக்கும் சட்டத்தை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில் செய்து வைத்ததால், மேடையை மாற்றி அமைக்கும் தேவை பெருமளவு குறைந்தது. அந்தச் சட்டத்தை வடிவமைத்தவரும் எங்களை விட்டுப் போன அதே வல்லுநர்தான்.

பிரித்துக் கொடுப்பது பற்றி எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் கட்டிக்கொள்வீர்கள், நம்புகிறேன். உங்கள் மாணவர் பட்டம் பெற்றுப் போன பிறகு அதை யார் கட்டுவார்? எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆய்வகங்களில் திரை மூடிக் கிடக்கும் நுண்ணோக்கிகளை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஒரு மாணவர் கட்டினார். அவர் போனதும் அதுவும் நின்றது.

ஆறாம்வரிசை

மேலே பேசப்படும் வல்லுநரின் இடத்தில், வேறொரு நிறுவனத்தில் இருப்பவன் நான். பதினோரு ஆண்டுகளில் ஏழு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். ஊதியம் கிடைப்பது ஒரு பாதி. வேலை தொடருமா என்பதை ஒவ்வொரு டிசம்பரிலும் தெரியாமல் இருப்பது மறு பாதி. நாங்கள் ஏன் போகிறோம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டுமே பார்க்கிறார்கள்.

இந்த நிலையை மாற்ற நடந்த முயற்சிகள் இல்லாமலில்லை. மார்க் சக்கர்பெர்க்கும் பிரிசில்லா சானும் தொடங்கிய சான் சக்கர்பெர்க் முன்னெடுப்பு என்ற கொடை அமைப்பு, பொது ஆய்வகங்களில் பணிபுரியும் படிமவியல் வல்லுநர்களின் ஊதியத்துக்கென்றே தனி நல்கை வழங்கியது. கருவியை விட்டுவிட்டு ஆளுக்குப் பணம் கொடுத்த அரிதான திட்டம் அது. பிரிட்டனில் 2017-இல் தொடங்கிய தொழில்நுட்பர் உறுதிமொழியில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், தொழில்நுட்பப் பணியாளர்களின் அடையாளம், பணி வளர்ச்சி, அவர்களுடைய திறன்களின் தொடர்ச்சி ஆகியவற்றுக்குத் திட்டம் வகுத்து வெளியிட ஒப்புக்கொண்டன. இந்தியாவில் 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்தில், பொதுப் பணத்தில் வாங்கிய கருவி எங்கே இருக்கிறது என்று தேடி முன்பதிவு செய்ய முடிகிறது. கருவி கண்ணுக்குத் தெரிவதைப் போல, அதை இயக்கத் தெரிந்தவரும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

விண்ணப்பத்துக்கு உதவக்கூடிய ஒரு நடைமுறை. உங்கள் ஆய்வகத்துக்கு ஆர்.ஆர்.ஐ.டி. எனப்படும் ஆய்வு வள அடையாள எண் வாங்கிவிடுங்கள். எதிர்ப்பொருள்களுக்கும் மென்பொருள்களுக்கும் தருவதைப் போலவே பொது ஆய்வகங்களுக்கும் அந்த எண் தருகிறார்கள். உங்கள் கருவியில் பிறந்த கட்டுரைகளில் அது இடம்பெற்றால், ‘இந்த ஆய்வகத்தால் என்ன விளைந்தது’ என்ற கேள்விக்குத் தேடிப் பார்த்தே பதில் சொல்லலாம். நன்றியுரையில் ‘நுண்ணோக்கிக் கூட நண்பர்களுக்கு நன்றி’ என்று எழுதுவதை எந்தத் தேடுபொறியும் எண்ணாது.

சேமிப்புக்கிடங்கு

சுருக்கமாக ஒன்று. யாரும் தரவுச் செலவைப் பற்றிப் பேசவில்லை. இருஃபோட்டான் படம் 512-க்கு 512 புள்ளிகள், நொடிக்கு 30 சட்டகம், புள்ளிக்கு 2 பைட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 57 ஜிகாபைட். நியூரான்களின் மின் சைகைகளைப் பதிய 2017-இல் அறிமுகமான நியூரோபிக்சல்ஸ் மின்முனையில் ஒரே நேரத்தில் 384 தடங்கள் பதிவாகும்; தடத்துக்கு நொடிக்கு 30,000 அளவுகள் என்றால் ஒரே மின்முனைக்கு மணிக்கு 83 ஜிகாபைட் வரை. இவற்றைப் பெருக்கிப் பாருங்கள். கருவி வாங்கிய முதல் ஆண்டே சேமிப்பகம் நிறைந்துவிடும். அதற்கு யாரும் பணம் கேட்டிருக்கமாட்டார்கள். 2023 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள என்.ஐ.எச். தரவுப் பகிர்வுக் கொள்கைப்படி, தரவைப் பேணிப் பகிர்வதற்கான செலவை ஆய்வு நல்கையின் நிதித்திட்டத்திலேயே கேட்கலாம். உங்கள் பதினேழு குழுக்களும் தத்தம் விண்ணப்பங்களில் அதைக் கேட்கும்படி செய்யுங்கள். அதில் ஒரு பங்கு உங்கள் கூடத்தின் கட்டணமாக வந்து சேரட்டும்.

பற்றுவரவு

சேமிப்புக்கிடங்கு சொன்ன வழி ஊதியத்துக்கும் பொருந்தும். பதினேழு குழுக்களும் தங்கள் நல்கைகளில் ‘கருவிக் கட்டணம்’ என்ற தலைப்பில் உண்மையான தொகையைக் கேட்கிறார்களா? நான் பார்த்தவரை பெரும்பாலானோர் பழைய, மலிவான கட்டணத்தை வைத்தே நிதித்திட்டம் போடுகிறார்கள். உங்கள் புதிய கட்டணப் பட்டியலை இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அறிவித்துவிட்டால், இனி எழுதப்படும் விண்ணப்பங்களில் அது ஏறிவிடும். இடைப்பட்ட காலத்துப் பற்றாக்குறையை நிறுவனம் ஏற்க வேண்டும். இளம் ஆய்வாளர்களுக்குச் சலுகை தர விரும்பினால், கட்டண விகிதத்தை அவர்களுக்கு மட்டும் குறைக்காதீர்கள். விகிதம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அவர்கள் செலுத்த வேண்டியதில் ஒரு பகுதியை நிறுவன நிதியிலிருந்து அவர்கள் பெயரில் கட்டிவிடுங்கள். தணிக்கையில் இந்த வேறுபாடு பெரிது. வெளியிலிருந்து வரும் தொழில் நிறுவனங்களிடம் கூடுதலாக வாங்குவதற்குத் தடையில்லை.

நிர்வாகத்திடம் ‘ஊதியம் தாருங்கள்’ என்று போகாமல், ‘மூன்று ஆண்டுக்கு இறங்குமுகமான தொகை தாருங்கள், நான்காம் ஆண்டில் கட்டணம் அதை ஏற்றுக்கொள்ளும்’ என்று கணக்கோடு போய்ப் பாருங்கள். முடிவுத் தேதியுள்ள கோரிக்கைக்குக் கையெழுத்துக் கிடைப்பது எளிது.

தனிமேடை

அப்படிப்பட்ட சலுகை எங்களிடம் இருந்திருந்தால் நான் இந்த இழையில் வேறு விதமாக எழுதியிருப்பேன். தொடர் ஆய்வுக்கென்று ஒரு மேடையை ஒதுக்கிய விதியை, மூளைவரைவு அவர்களே, இங்கே பகிர முடியுமா? எங்கள் ஆலோசனைக் குழுவிடம் கொடுக்க விரும்புகிறேன்.

மூளைவரைவு

விதி ஒரு பக்கம்தான், இன்றிரவு ஏற்றிவிடுகிறேன்.

நிர்வாகத்திடம் போய் வந்தேன். முதல் ஆண்டு ஊதியம் முழுவதையும், இரண்டாம் ஆண்டு மூன்றில் இரண்டு பங்கையும், மூன்றாம் ஆண்டு மூன்றில் ஒரு பங்கையும் ஏற்பதாக எழுத்தில் தர ஒப்புக்கொண்டார்கள். கட்டணம் ஈடுகட்டாத மீதியை, இந்த முறை ஊதியத்துக்கு இடமுள்ள மைய ஆய்வக நல்கையில் கேட்கிறோம். அந்தப் பகுதியை இப்படித் தொடங்கியிருக்கிறேன்:

‘இருநூற்றுப் பதின்மூன்று வாரங்களாக ஒரே ஒளிர்வுச் சில்லைக் கொண்டு இந்நுண்ணோக்கியின் நிலை அளக்கப்பட்டு வந்தது. அதன் பின் முப்பத்துநான்கு வாரங்கள் அளவு இல்லை. இடைவெளிக்குப் பிந்தைய முதல் அளவு, முந்தைய சராசரியில் பாதிக்கும் கீழே இருந்தது. இக்காலத்தில் எடுத்த தரவுகளில் இரு குழுக்களின் நான்கு மாதப் பதிவுகள் ஒதுக்கப்பட்டன. இந்த நல்கையில் கோரப்படும் பணியிடம், அந்த அளவு மீண்டும் ஒரு வாரமும் விடுபடாமல் இருப்பதற்கானது.’

அணைக்கட்டு ஐயா, இது போதுமா?

அணைக்கட்டு

போதும். ‘இன்றியமையாத’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனித்தேன். ஒரே திருத்தம்: முப்பத்துநான்கு வாரங்களிலும் எத்தனை மணி நேரம் கருவி ஓடியது என்பதை முன்பதிவுப் பட்டியலிலிருந்து எடுத்துச் சேருங்கள். கருவி சும்மா நிற்கவில்லை, கவனிப்பார் இல்லாமல் ஓடியது என்பது அப்போதுதான் படிப்பவருக்குப் பிடிபடும்.

ஆறாம்வரிசை

வரைபடத்தின் கிடையச்சில் தேதியைப் போடும்போது, அந்த வல்லுநர் வேலையை விட்ட நாளையும் ஒரு கோடாகக் குறித்துவிடுங்கள். அவருடைய அனுமதி பெற்று, நோட்டை எழுதியவர் என்று அவர் பெயரையும் கீழே போடுங்கள்.

மூளைவரைவு

மணிகளை எடுத்துவிட்டேன்: 1,140. அவருக்கு நேற்றே எழுதினேன். ஒப்புக்கொண்டார், நோட்டின் முதல் பக்கத்தில் சில்லின் வரிசை எண் இருக்கிறது, அதையும் சேர்க்கச் சொன்னார்.